நன்கொடை, மொய் அல்ல!

நன்கொடை கேட்டு வராத மாதமே இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா, கோவில் அன்னதானம், கண் சிகிச்சை முகாம், ஏழைப் பெண்ணின் படிப்பு, புயல் நிவாரணம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

முன்பெல்லாம் ரசீதுப் புத்தகத்தோடு இரண்டு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். இப்போது செல்போனில் வருகிறது. கேட்பவரும் அந்நியர் அல்ல. சொந்த அண்ணன் கேட்கிறார். மச்சான் கேட்கிறார். கூடப் படித்த தோழி கேட்கிறாள். பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பவர் கேட்கிறார்.

அந்நியர் கேட்டால் "இப்போது இல்லை, போய் வாருங்கள்" என்று சொல்லிவிடலாம். சொந்தக்காரரிடம் அப்படிச் சொல்ல முடிகிறதா? கொடுத்தால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. கொடுக்காவிட்டால் மனதைக் கடிக்கிறது.

கேட்பவருக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. "இவன் எதற்கு வந்திருக்கிறான்?" என்று சித்தப்பா முகம் சுருங்குவதைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு வாய் வருவதில்லை. பேச வந்ததை விட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நல்ல காரியம் என்றால் நாலு பேரிடம் கேட்கத்தான் வேண்டும். காரியமும் கெடக்கூடாது, உறவும் கெடக்கூடாது. எப்படிக் கேட்பது? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கேட்பது கேவலமா?

இரந்து வாங்குவது தாழ்வு என்று ஔவைப் பாட்டி சொன்னாள். அதே பாட்டிதான் இல்லாதவருக்கு இட்ட பிறகு உண்ணச் சொன்னாள். தனக்காகக் கேட்பது வேறு. பிறருக்காகக் கேட்பது வேறு.

பிறருக்காகக் கேட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. தீண்டாமை ஒழிப்பு வேலைக்காக காந்தியடிகள் 1933, 1934-ம் ஆண்டுகளில் நாடு முழுவதும் சுற்றினார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். கூட்டத்தில் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். கையெழுத்துக் கேட்டவரையும் அவர் சும்மா விடவில்லை. 5 ரூபாய் கொடுத்தால்தான் கையெழுத்து!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. பலரிடமும் நிதி திரட்டி, 1954-ம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தொடங்கும்போது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். இன்று நாடு அறிந்த மருத்துவமனையாக அது வளர்ந்து நிற்கிறது.

1956-ம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் வந்தபோது, முதலில் கை கொடுத்தவர்கள் ஊர் மக்கள். அரிசி கொடுத்தார்கள், பருப்பு கொடுத்தார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகப் பிச்சை எடுக்கவும் தயார் என்று அன்றைய முதல் மந்திரி காமராஜ் பேசியதை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆகவே கேட்க வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று உண்டு. அது என்ன என்பதைப் பார்ப்போம்.

மொய்க் கணக்கு

உறவுக்குள் பணம் கைமாற நம் ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் மொய். மதுரைப் பக்கத்தில் செய்முறை என்பார்கள்.

கல்யாணம், காதுகுத்து என்றால் வாசலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு வைத்தார் என்பது பெயரோடு, ஊரோடு அதில் ஏறும். சில இடங்களில் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் இதற்கென்றே "மொய் விருந்து" நடக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் பத்திரிகை அடித்து, கறிச்சாப்பாடு போட்டு, மொய் வாங்குவார்கள்.

மொய்யைக் குறை சொல்ல முடியாது. வட்டி இல்லாமல் கிடைக்கும் பெரிய தொகை அது. அதை வைத்துக் கிணறு வெட்டியவர்கள் உண்டு. கடை வைத்தவர்கள் உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் மொய் தானம் அல்ல, கடன். வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும். கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உறவில் விரிசல்தான்.

நன்கொடை அப்படி அல்ல. நீங்கள் மைத்துனரிடம் வாங்கும் 500 ரூபாய் உங்கள் பைக்குப் போவதில்லை. கண் தெரியாத ஒரு பாட்டிக்குப் போகிறது. பாட்டி அதை உங்கள் மைத்துனருக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அவர் யார் என்றே பாட்டிக்குத் தெரியாது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "போன வருடம் அவன் பிள்ளை காதுகுத்துக்கு 2,000 வைத்தேன். இப்போது நான் கேட்டால் கொடுக்காமல் போவானா?" என்று மனதுக்குள் பழைய நோட்டைப் புரட்டுகிறோம். கேட்கப்பட்டவரும் அதே நோட்டைத்தான் புரட்டுகிறார். "இன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டான்" என்று பயந்து கொடுக்கிறார்.

பயந்து கொடுப்பது தானம் ஆகுமா? ஆகாது. அது அபராதம்.

மொய்யிலிருந்து நன்கொடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விட்டுவிட வேண்டியதும் ஒன்று உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டியது நோட்டுப் புத்தகம். விட்டுவிட வேண்டியது கட்டாயம்.

திண்டுக்கல்லில் நடந்தது

இது நடக்கக்கூடியதுதான். நடந்தும் இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி கேரளத்தில் வயநாடு மாவட்டத்தில் மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் மண்ணோடு போயின. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

அப்போது திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தியது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள். இவ்வளவு என்று பில் போடவில்லை. அவரவர் விரும்பியதை மொய்யாக வைத்தார்கள். அந்தப் பணம் வயநாட்டு மக்களுக்காகத் திரட்டப்பட்டது.

இதில் உள்ள அழகைப் பாருங்கள். மொய் என்ற பெயர் இருக்கிறது, விருந்து இருக்கிறது. ஆனால் திருப்பிச் செய்யச் சொல்லி யாரும் யாரிடமும் போக முடியாது. இவ்வளவு வை என்று சொல்லவும் ஆள் இல்லை. பழைய வழக்கத்தில் இருந்த கட்டாயம் கழன்றுவிட்டது. அன்பு மட்டும் நின்றது.

இவர்களிடம் கேட்காதீர்கள்

யாரிடம் கேட்கலாம் என்பதைவிட யாரிடம் கேட்கக்கூடாது என்பது முக்கியம். "இல்லை" என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் கேட்கக்கூடாது.

உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரிடம் கேட்காதீர்கள். முதலாளி கேட்டால் தொழிலாளி எப்படி மறுப்பார்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் கேட்காதீர்கள். ஆசிரியராக இருந்தால் மாணவரிடம் கேட்காதீர்கள். பிள்ளை வீட்டில் போய் அழுவான். அப்பா கடன் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் கேட்கவே கூடாது. நீங்கள் "நன்கொடை" என்று சொல்வீர்கள். அவர்கள் காதில் அது "சீர்" என்று விழும். கொடுக்காவிட்டால் தங்கள் பெண்ணை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். நாம் ஒரு பக்கம் தருமம் செய்ய, இன்னொரு பக்கம் ஒரு தாய் மோதிரத்தை அடகு வைப்பதா?

வேலை போனவர், வீட்டில் நோயாளி உள்ளவர், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டத் திணறுகிறவர் - இவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். சொந்தக்காரர் அல்லவா? தெரிந்துகொண்டே கேட்பது நியாயம் இல்லை.

கேட்கும் முறை

உங்கள் ஊர்ச் சங்கம் ஒரு கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இத்தகைய முகாம்களால் பெயர் பெற்றது. ஊர் ஊராக டாக்டர்கள் வந்து பரிசோதிப்பார்கள். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்வார்கள். ஏழைகளிடம் காசு வாங்குவதில்லை. இடம் பிடிப்பது, நோட்டீசு அடிப்பது, ஊருக்குச் சொல்வது போன்றவை உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு.

அப்படியானால் நீங்கள் திரட்டும் பணம் எதற்கு? நோட்டீசுக்கு, பந்தலுக்கு, நாற்காலிக்கு, வருகிறவர்களின் சாப்பாட்டுக்கு, நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துவர ஆட்டோவுக்கு. அதை அப்படியே சொல்லுங்கள். "நீங்கள் 1,000 ரூபாய் கொடுத்தால் ஒரு குருடருக்குக் கண் வரும்" என்று சொல்லாதீர்கள். கண்ணைத் தருவது டாக்டர். நீங்கள் தருவது ஆட்டோ. ஆட்டோ இல்லாவிட்டால் பாட்டி டாக்டரிடம் வந்து சேரமாட்டாள் என்பது உண்மை. அந்த உண்மையே போதும்.

முதலில் உங்கள் பணத்தைப் போடுங்கள். பிறகு கேளுங்கள். தன் பங்கைத் தராதவர் கேட்டால் வார்த்தைக்கு வலு இருக்காது.

எப்படிக் கேட்பது? இப்படிக் கேட்கலாம்:

"மாமா, வருகிற ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் வைக்கிறோம். செலவு 20,000 ரூபாய் ஆகும் போல் இருக்கிறது. நான் 1,000 போட்டிருக்கிறேன். உங்களால் முடிந்தால் ஏதாவது கொடுங்கள். முடியாவிட்டால் ஒன்றும் இல்லை. ஊரில் கண் தெரியாத பெரியவர்கள் யார் யார் என்று சொன்னாலே பெரிய உதவி."

இதில் எல்லாம் இருக்கிறது. எதற்கு என்று இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று இருக்கிறது. தன் பங்கு இருக்கிறது. மறுக்க வழி இருக்கிறது. பணம் இல்லாதவருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு தடவை கேளுங்கள். மறந்திருப்பாரோ என்று தோன்றினால் இன்னொரு தடவை நினைவுபடுத்துங்கள். மூன்றாம் தடவை கேட்டால் அது வசூல் அல்ல, தொந்தரவு.

வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. அதற்கென்று அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் சலுகை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்குச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. தெரியாமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பெயர்ப் பட்டியல்

இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. முதல் பெயருக்கு நேராக 5,000. இரண்டாவது பெயருக்கு நேராக 3,000. ஒவ்வொருவரும் தன் பெயரைக் கீழே சேர்த்து அனுப்ப வேண்டும். ஒலிபெருக்கியில் மொய் படித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

200 ரூபாய் கொடுக்க நினைத்தவர் பட்டியலைப் பார்த்ததும் கூசிப்போகிறார். 200 போட்டால் கேலி செய்வார்களோ என்று ஒன்றும் போடாமல் ஒதுங்குகிறார். அல்லது கடன் வாங்கி 1,000 போடுகிறார். இரண்டுமே நஷ்டம்.

கொடி நாளைப் பாருங்கள். 1949-ம் ஆண்டு முதல் டிசம்பர் 7-ந் தேதி, படைவீரர் நலனுக்காக நிதி திரட்டுகிறோம். உண்டியலில் காசு போட்டால் சின்னக் கொடி ஒன்றைச் சட்டையில் குத்துகிறார்கள். 10 ரூபாய் போட்டவருக்கும் அதே கொடிதான். 100 ரூபாய் போட்டவருக்கும் அதே கொடிதான். தெருவில் நடந்து போகும்போது யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் எல்லோரும் ஒரே வரிசை. நம் வீட்டு வசூலும் அப்படி இருக்கட்டுமே!

4 ரூபாய்க் கணக்கு

"பெயரையும் தொகையையும் சொல்லாவிட்டால் கணக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

காந்தியடிகளின் ஆசிரமத்தில் நடந்த ஒரு சம்பவம் இது. வெளியார் சிலர் கஸ்தூரிபாவிடம் 4 ரூபாய் கொடுத்தார்கள். ஆசிரம அலுவலகத்தில் சேர்க்காமல் அதை அவர் தம்மிடம் வைத்துக்கொண்டார். காந்தியடிகள் என்ன செய்தார்? 1929-ம் ஆண்டில் தம் "நவஜீவன்" பத்திரிகையில் அதை எழுதி, நாட்டுக்கே தெரிவித்துவிட்டார். கட்டிய மனைவியை இப்படி எழுதலாமா என்று கேட்க நியாயம் உண்டு. ஆனால் அவரிடம் ஏழைகள் காசு கொடுத்தது ஏன் என்பது இதிலிருந்து தெரிகிறது. 4 ரூபாய்க்குக் கணக்குச் சொன்னவரிடம் 4 லட்சத்தையும் நம்பிக் கொடுக்கலாம் அல்லவா?

நமக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். ஒழுங்கு இருந்தால் போதும். பணத்தை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் வாங்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். செல்போன் வழியாக வரும் பணம் வீட்டுச் செலவுக் கணக்கில் விழுந்தால் கலந்துவிடும். அதற்கென்று தனிக் கணக்கு இருக்கட்டும். முடியாவிட்டால் அன்றன்று எழுதி வையுங்கள்.

கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ரசீது கொடுங்கள். முகாம் முடிந்த ஒரு வாரத்தில் கணக்கை வெளியிடுங்கள். பெயர் வேண்டாம். ரசீது எண்ணும் தொகையும் இருந்தால் போதும். தன் எண்ணைப் பார்த்து ஒவ்வொருவரும் தன் பணம் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வார். மற்றவர் கொடுத்தது யாருக்கும் தெரியாது. அதன் கீழே செலவை எழுதுங்கள். மிச்சம் எவ்வளவு, அதை என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

கேட்பதில் வெட்கம் இல்லை என்று சொன்னோம். கணக்குச் சொல்லாமல் இருப்பதில்தான் வெட்கம் இருக்கிறது. அந்நியர் ஏமாற்றினால் பணம்தான் போகும். சொந்தக்காரர் கணக்குச் சொல்லாவிட்டால் பணத்தோடு நம்பிக்கையும் போகும். அடுத்த தடவை உண்மையாகவே ஒரு பிள்ளை உயிருக்குப் போராடும்போது, நீங்கள் கேட்டாலும் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

வசூல் குறைந்தால்?

"இப்படி எல்லோருக்கும் இடம் கொடுத்துக் கேட்டால் வசூல் ஆகாது. கொஞ்சம் அழுத்தினால்தான் பணம் வரும்" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அழுத்தினால் இந்த வருடம் கூடுதலாக வரும். அடுத்த வருடம் உங்கள் எண்ணைப் பார்த்ததும் போனை எடுக்க மாட்டார்கள்.

வசூல் குறைந்தால் விழாவைக் குறையுங்கள். உதவியைக் குறைக்காதீர்கள். மேடை வேண்டாம். வருகிற பெரிய மனிதருக்குப் பொன்னாடை வேண்டாம். தெருவை அடைத்து பேனர் வேண்டாம். பள்ளிக்கூட மரத்தடி போதும். பாட்டிக்குப் பார்வை மரத்தடியிலும் பரிசோதிக்கப்படும்.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முடியாவிட்டால் "முடியாது தம்பி, இந்த மாதம் கஷ்டம்" என்று நேராகச் சொல்லுங்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். கேட்டவர் உங்கள் தொகையையும் நம்பிப் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடுவார். பணம் இல்லாவிட்டால் கை இருக்கிறது. பெரியவர்களை அழைத்து வரலாம். வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம்.

நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். அன்றாட அரிசியில் ஒரு பிடி குறைந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் பானை நிறைந்திருக்கும். குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, மாதம் இவ்வளவு தருமத்துக்கு என்று ஒதுக்கிவிட்டால் இதே பலன் உண்டு. யார் கேட்டாலும் அந்தப் பானையிலிருந்து கொடுக்கலாம். பானை காலியானால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று நிம்மதியாகச் சொல்லலாம். கணவன் மனைவிக்குள் சண்டையும் வராது.

கேட்கிறவர் கையில் நோட்டு இருக்கட்டும். மனதில் கட்டாயம் வேண்டாம். கொடுத்தவரிடம் எப்படிப் பேசினீர்களோ, கொடுக்க முடியாத தம்பியிடமும் அதே முகத்தோடு பேசுங்கள். முகாம் முடிந்த மறுநாள் முதலில் அவன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடியுங்கள். சேர்ந்த பணம் பாட்டிக்குப் போய்ச் சேரும். சேர்த்து வைத்த உறவு உங்களிடமே இருக்கும்.